ஓமன் கடற்கரையில் ஆளரவமற்ற முகாம் இடத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓமனுக்குக் கடற்கரை மட்டும் 3000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வடக்கே முசந்தம் மலைகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. தெற்கே தோஃபாரில் மழைக்காலத்தில் பச்சை போர்த்தும் மலைச்சரிவுகள். நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மணல், உப்புத்தரை, சுண்ணாம்புப் பாறை, எப்போதாவது ஒரு மீனவர் ஊர். வேலி கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது. பொதுவான கடற்கரையில் ஓரிரு இரவு கூடாரம் போட்டுத் தங்குவது இந்த நாட்டில் ரொம்ப சாதாரணமான பழக்கம். மஸ்கட், துபாய், அபுதாபியில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இது ஒரு நாள் வண்டி ஓட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பலரும் எல்லோரும் போகும் அதே இரண்டு மூன்று இடங்களோடு நின்றுவிடுகிறார்கள்.

நல்ல இடம் என்பது படத்தில் அழகாகத் தெரியும் இடம் இல்லை. வண்டி திரும்பி வர வழி இருக்க வேண்டும், கடல் ஏறி வரக்கூடாது, வெள்ளம் வரும் பாதையாக இருக்கக்கூடாது, காற்று கூடாரத்தைப் பிய்க்கக்கூடாது. இந்த நான்கும் சரி என்றால் அப்புறம் அழகைப் பார்க்கலாம். இந்த வரிசையை மாற்றாமல் தேடினால் ஓமனில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் பருவத்தை முடிவு செய்யுங்கள்

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் பொதுவான காலம். கோடையில் மஸ்கட், சூர் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். இரவிலும் கடலோரப் புழுக்கம் தூங்க விடாது.

அரபிக் கடலைப் பார்த்த தென்கிழக்குக் கரையின் கணக்கு வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கரையோரமாகவே பலமாக வீசும். அது மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போவதால் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதனால்தான் ஜூலையில் மஸ்கட் கொதிக்கும்போது அல் அஷ்கராவிலும் மசீரா தீவிலும் குளிர்ச்சியாக இருக்கிறது. அந்தக் குளிர்ச்சியை நம்பிக் கூடாரத்தோடு கிளம்பிவிடாதீர்கள். அந்தக் காற்றில் மணல் கண்ணைத் திறக்க விடாது, கூடாரக் கம்பி வளையும், கடலில் காலை நனைப்பதே ஆபத்து. அந்த மாதங்களில் அங்கே அறை எடுத்துத் தங்குவதுதான் சரி.

புயல்களும் உண்டு. 2007 ஜூனில் கோனு, 2010 ஜூனில் ஃபெட், 2018 மே மாதத்தில் சலாலா பக்கம் மெகுனு, 2021 அக்டோபரில் ஷாஹீன். பருவக்காற்று தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் வரும் வாரங்களில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது.

பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

ஓமன் கடற்கரையை ஒரே இடமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதம், கேட்கும் வண்டியும் அனுபவமும் வேறு.

குரையாத்திலிருந்து சூர் வரை பாறைக்கரை. பிம்மா, ஃபின்ஸ், திவி ஊர்களை ஒட்டிச் சின்னச் சின்ன வெண்கூழாங்கல் குடாக்கள் உண்டு. பெருஞ்சாலை பக்கத்திலேயே ஓடுவதால் முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். வெள்ளி, சனி ஓமனில் விடுமுறை என்பதால் வியாழன் மாலை முதலே கூட்டம் வந்துவிடும். ஞாயிறு முதல் புதன் வரை போக முடிந்தால் அதே குடா உங்களுக்கே உங்களுக்குக் கிடைக்கும்.

ராஸ் அல் ஹத் முனையைத் தாண்டித் தெற்கே திரும்பினால் அல் அஷ்கரா வரை திறந்த நீள மணற்கரை. ராஸ் அல் ஜின்ஸைச் சுற்றி ஆமைக் காப்பகம் இருக்கிறது. அங்கே கூடாரம் போடும் எண்ணமே வேண்டாம்.

அதற்கும் தெற்கே பார் அல் ஹிக்மான், கலூஃப், துக்ம், ராஸ் மத்ரகா. உண்மையான தனிமை இங்கேதான். கலூஃபுக்குத் தெற்கே சர்க்கரை கொட்டியதுபோல வெள்ளை மணல்மேடுகள் கடல் வரை வந்து நிற்கின்றன. ராஸ் மத்ரகாவில் கருநிறப் பாறையும் வெளிர் மணலும் அடுத்தடுத்துக் கிடக்கும். பெட்ரோல் பங்க் விட்டால் அடுத்தது நெடுந்தூரத்தில் இருக்கும். இங்கே இரண்டு வண்டியாகப் போவதுதான் முறை.

ஷுவைமியாவும் ஹாசிக்கும் தோஃபார் எல்லைப் பகுதி. உயரமான வெளிர்நிறப் பாறைச்சுவர், அதன் கீழே கிலோமீட்டர் கணக்கில் கடற்கரை. இரண்டு ஊரையும் இணைக்கும் மலைச்சாலை ஓட்டுவதற்கே தனியாக ஒரு பகல் ஒதுக்கலாம். மஸ்கட்டிலிருந்து ரொம்ப தூரம் என்பதால் நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் படியுங்கள்

பாதித் தேடல் இங்கேயே முடிந்துவிடும். கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து, தேர்ந்தெடுத்த பகுதியைக் கரையோரமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வரைபடத்தில் வரும் அரபுப் பெயர்களே பாதித் தகவல் தரும்: ராஸ் என்றால் முனை, கோர் என்றால் உப்பங்கழி, பந்தர் என்றால் படகு ஒதுங்கும் இடம், வாதி என்றால் மழை வந்தால் மட்டும் ஓடும் ஆறு.

முதலில் பாதைகளைத் தேடுங்கள். தார் சாலையிலிருந்து பிரிந்து கடலை நோக்கிப் போகும் வெளிர்க் கோடுகள் பெரும்பாலும் மீனவர்களின் வண்டித்தடங்கள். தினமும் படகுக்கும் வலைக்கும் போய்வரும் தடம் என்றால் அது நம்பகமானது. ஒற்றைக் கோடாகப் போய் நடுவில் மங்கிவிடும் தடத்தை நம்பாதீர்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களையும் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரே தடம் பல வருடப் படங்களில் தொடர்ந்து தெரிகிறதா, புயலுக்குப் பிறகும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அதே படங்களில் கடற்கரையின் அகலமும் மாறுவது தெரியும். ஒரு படத்தில் அகலமாகவும் இன்னொன்றில் பாறை வரை தண்ணீராகவும் இருக்கும் கரையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அடுத்து முனைகளைப் பாருங்கள். பாறைமுனை ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் ஒரு பக்கம் காற்று அடிக்கும், மறுபக்கம் ஒதுக்கமாக இருக்கும். படத்தில் படகுகள் நங்கூரமிட்டு நிற்கும் பக்கம் எதுவோ, படம் எடுத்த பருவத்தில் அதுதான் ஒதுக்கம். படத்தின் தேதியையும் சேர்த்தே பாருங்கள், பருவம் மாறினால் ஒதுக்கமும் பக்கம் மாறும்.

மூன்றாவதாக நிறம். வழவழப்பாக, சாம்பலும் பழுப்புமாக, ஈரம் படிந்ததுபோலத் தெரியும் சமதரை சப்கா. மேலே உப்புப் பொருக்கு காய்ந்திருக்கும், கீழே சேறு. மனிதன் நடந்தால் தாங்கும், வண்டி ஏறினால் உடையும். பார் அல் ஹிக்மானில் இது பெரும் பரப்பு. கரைக்குக் குறுக்குவழி என்று இதில் இறங்கிய வண்டிகள் அச்சு வரை புதைந்திருக்கின்றன. கூடவே கடலும் ஏறினால் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான். நன்றாகத் தேய்ந்த தடத்தை விட்டு ஒரு மீட்டர்கூட விலகாதீர்கள்.

இப்படிப் பார்த்து ஒரு பகுதிக்கு மூன்று நான்கு இடங்களையாவது குறித்து, ஆஃப்லைனில் வேலை செய்யும் ஓஸ்மாண்ட் போன்ற செயலியில் சேமியுங்கள். ஐஓவர்லேண்டர் செயலியில் முன்பு தங்கியவர்கள் குறித்த இடங்கள் கிடைக்கும். நான் அதை வழி எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் பார்ப்பேன். அங்கே குறிக்கப்பட்ட புள்ளியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, அதே மாதிரி நிலத்தில் தேடினால் ஆளில்லாத இடம் கிடைத்துவிடும்.

ஏற்றவற்றத்தைக் கணக்கிடுங்கள்

ஓமன் கரையில் பொதுவாக ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும்; ஏறுவது ஏற்றம், இறங்குவது வற்றம். நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் அதிகம், வற்றமும் அதிகம். வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ்க் காலண்டரே முதல் தகவல் தந்துவிடும். சரியான மணிக்கு அந்தந்த இடத்தின் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இதை இரண்டு காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டும். ஒன்று, போகும் வழி. கலூஃபிலிருந்து வெள்ளை மணல்மேடுகளுக்குக் கடற்கரை மணலிலேயே வண்டி ஓட்டித்தான் பலரும் போகிறார்கள். வற்றத்தின்போது ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஓட்ட சுகமாகவும் இருக்கும். கடல் ஏறத் தொடங்கினால் அந்தப் பாதையே மறையும். ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் அலை, நடுவில் வண்டி என்று மாட்டிக்கொள்ளக்கூடாது. கடல் வற்றிக்கொண்டிருக்கும்போதே நுழையுங்கள். போவதற்கு மட்டுமல்ல, மறுநாள் திரும்புவதற்கும் வற்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இரண்டு, கூடாரம் போடும் இடம். கரையில் பாசி, சிப்பி, மரத்துண்டு, பிளாஸ்டிக் எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். அது சமீபத்திய ஏற்றத்தின் எல்லை. அதற்கு மேலே, காய்ந்து வெளுத்த இன்னொரு கோடு இருக்கும். அது பெரிய ஏற்றமோ கொந்தளிப்போ வந்தபோது கடல் தொட்ட எல்லை. கூடாரமும் வண்டியும் இந்த இரண்டாவது கோட்டுக்கும் மேலே இருக்க வேண்டும். அப்படி ஒரு கோடே இல்லாமல் பாறையடி வரை ஈரமாக இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பகலில் உட்கார்ந்துவிட்டு வரும் இடம்தான்.

வாதியின் வாயில் படுக்காதீர்கள்

பாறைக்கரையில் கடலுக்கு இறங்க இயற்கையாக அமைந்த வழி வாதிகள்தான். மலையைப் பிளந்து வரும் வாதி, கடலில் சேரும் இடத்தில் சமமான சரளைத்தரையை விட்டிருக்கும். நிழல்கூட இருக்கும். பார்த்தவுடன் இங்கேயே போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும்.

மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்று இல்லை. பல கிலோமீட்டர் உள்ளே மலையில் பெய்த மழை, நட்சத்திரம் தெரியும் வானத்தின் கீழ் உங்களைத் தேடி வரும். வெறும் பாறை மலைகள், நீரை உறிஞ்ச மண்ணே இல்லை, அத்தனையும் ஒரே வழியாக ஓடி வருகிறது. ஓமனில் ஆண்டுதோறும் வாதி வெள்ளத்தில் உயிர்கள் போகின்றன. ஓடும் வாதியில் வேண்டுமென்றே வண்டியை இறக்குவது இங்கே சட்டப்படி குற்றம்.

இறங்குவதற்கு வாதித் தடத்தைப் பயன்படுத்துங்கள், தங்குவதற்கு அதன் ஓரத்தில் உயர்ந்து நிற்கும் திட்டைத் தேடுங்கள். திட்டில் செடிகள் வேரோடு நிலைத்து நிற்கின்றனவா, கற்களின் மேல் வெயில் பட்ட கருமை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக உருண்டு வந்த கற்கள் வெளிறிச் சுத்தமாக இருக்கும். அங்கே தண்ணீர் சமீபத்தில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

பாறைச்சுவரின் அடியிலும் படுக்க வேண்டாம். ஃபின்ஸ் பக்கம் அலை அரித்து அரித்துப் பாறையின் அடிப்பாகம் உள்ளே குடைந்திருக்கும். மேல்பாகம் கூரைபோல நீட்டி நிழல் தரும். அந்தக் கூரை உடைந்து விழுந்த பெருங்கற்கள் கீழேயே கிடப்பதைப் பார்த்தால் மேலே சொல்ல ஒன்றும் இல்லை. அதே காரணத்துக்காக அதன் விளிம்பின் மேல் வண்டியை நிறுத்துவதும் தவறு.

காற்று

குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வந்தால் இரண்டு மூன்று நாள் விடாது. விண்டி போன்ற செயலியில் கிளம்பும் முன் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும் என்று தெரிந்தால் திறந்த மணற்கரையை விட்டுவிட்டு, முனைக்குத் தெற்கே ஒதுங்கிய குடாவுக்குத் திட்டத்தை மாற்றுங்கள். மணலில் சாதாரண முளை நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் எளிதில் அசையாது. வண்டியைக் காற்று வரும் பக்கம் குறுக்காக நிறுத்தி, அதன் மறைவில் கூடாரம் போடுங்கள்.

வண்டியும் மணலும்

பாறைக்கரைக்கு உயரமான வண்டி போதும். மணலுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறையுங்கள். டயர் அகன்று பதிந்து எடையைப் பரப்பும். காற்றைக் குறைக்காமல் ஓட்டுவதுதான் புதைவதற்கு முதல் காரணம். தார் சாலை ஏறும் முன் மறுபடி நிரப்ப வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் டயர் சூடேறி வெடிக்கும். அதனால் கம்ப்ரசர் கட்டாயம். மண்வெட்டி, மணலில் போடும் பலகைகள், இழுவைப் பட்டை, நல்ல உபரி டயர் இவையும் கட்டாயம்.

புதைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்க வண்டி உள்ளேதான் போகும். இறங்கி, டயருக்கு முன்னும் பின்னும் தோண்டி, காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். இழுவைப் பட்டையைப் பின்னால் இருக்கும் டிரெய்லர் உருண்டையில் மாட்டவே கூடாது. அது பிய்ந்து வந்தால் ஆளைக் கொல்லும்.

அமீரகத்திலிருந்து வருகிறவர்கள் ஓமனுக்கான காப்பீட்டை, ஆரஞ்சு கார்டு என்பார்கள், எல்லைக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி என்றால் மணலில் ஓட்ட அனுமதி உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் படித்துவிடுங்கள்.

இருட்டும் முன் முடிவெடுங்கள்

டிசம்பரில் மஸ்கட் பக்கம் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். மூன்று மணிக்கெல்லாம் முதல் இடத்தில் இருக்க வேண்டும். அது சரியில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது இடத்துக்குப் போக நேரம் இருக்கும். நாலரைக்கு மேல் புது இடம் தேடாதீர்கள், பார்த்ததில் பாதுகாப்பானதற்குத் திரும்பிவிடுங்கள். இருட்டிய பிறகு கடலோரச் சாலையில் ஒட்டகங்கள் குறுக்கே நிற்கும். கருப்பு இரவில் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

கடைசிப் பகுதியை எப்போதும் நடந்து பார்த்துவிட்டு வண்டியைக் கொண்டுவாருங்கள். கால் புதையும் ஆழம், திரும்ப இடம், அந்த இரண்டு கோடுகள், மேலே பாறை, பக்கத்தில் வாதி எல்லாவற்றையும் பாருங்கள். வண்டியின் முகம் வெளியேறும் பக்கம் பார்த்து நிற்கட்டும்.

மீனவர்களும் ஆமைகளும்

தூரத்தில் குடிசையோ படகோ வலையோ தெரிந்தால் அது யாரோ ஒருவர் பிழைக்கும் இடம். பக்கத்தில் போய் ஸலாம் சொல்லி, இங்கே தங்கலாமா என்று கேளுங்கள். அரபு தெரியாது என்று தயங்க வேண்டாம். சின்ன ஊரில்கூட டீக்கடையில் ஒரு மலையாளி இருப்பார், இந்தி தெரிந்தவர்களும் இருப்பார்கள். எந்த வழி வெள்ளத்தில் அடித்துப்போனது, எந்தக் குடாவில் காற்று வராது என்பதை அவர்கள் சொல்வதுபோல எந்தச் செயலியும் சொல்லாது. வலையை மிதிக்காதீர்கள், வீடுகளுக்கு எதிரில் கூடாரம் போடாதீர்கள், பெண்களைப் படம் எடுக்காதீர்கள். பொது இடத்தில் மது கூடாது. டிரோனுக்கு அனுமதி வேண்டும். மசீராவிலும் துக்மிலும் ராணுவ, துறைமுக எல்லைகள் உண்டு, அறிவிப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். நகர எல்லைகளுக்குள் நகராட்சிகளுக்கெனத் தனி விதிகள் இருக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஸ் அல் ஜின்ஸில் பச்சை ஆமைகள் ஆண்டு முழுவதும் முட்டையிடுகின்றன. மசீரா தீவு பெருந்தலை ஆமைகளின் உலகின் மிகப் பெரிய முட்டையிடும் இடங்களில் ஒன்று. காப்பகத்துக்கு வெளியிலும் ஆமைகள் கரையேறும். மணலில் அகலமான இழுத்த தடமோ, ஆள் படுக்கும் அளவு குழியோ கண்டால் அந்தக் கரையில் தங்க வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலுக்குப் பதில் விளக்கை நோக்கி ஊர்ந்து செத்துப்போகும். டயர் பள்ளத்தில் விழுந்த குஞ்சால் ஏறி வரவும் முடியாது. ஆமையைப் பார்க்க ஆசை என்றால் ராஸ் அல் ஜின்ஸில் வழிகாட்டியோடு போகும் ஏற்பாடு இருக்கிறது, அதில் சேர்ந்து பாருங்கள். இந்த விஷயத்தில் கொஞ்சமும் தளர்வு கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர், குப்பை, அவசரம்

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் சேர்த்து 10 லிட்டர் வையுங்கள், அதோடு ஒரு நாள் உபரி. கடலில் நடக்கும்போது காலைத் தரையோடு தேய்த்து நடங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும். இரவில் உணவையும் செருப்பையும் வெளியே வைக்காதீர்கள், நரி தூக்கிப்போகும். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

விறகு வெட்டாதீர்கள். அந்தப் பாலைவனத்தில் ஒரு மரம் வளரப் பல ஆண்டுகள் ஆகும். காய்ந்து கிடப்பதுபோலத் தெரியும் கிளையிலும் உயிர் இருக்கும். கடையில் விறகு வாங்கிப் போங்கள், சாம்பலையும் பையில் எடுத்துவாருங்கள். மலம் கழிக்க ஏற்றக் கோட்டிலிருந்து தள்ளிக் குழி தோண்டுங்கள், காகிதத்தைப் புதைக்காமல் கொண்டுவாருங்கள்.

அவசர எண் 9999. கலூஃப், ராஸ் மத்ரகா பக்கம் பல இடங்களில் சிக்னல் இருக்காது. எந்த இடம், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்பி சிக்னலுக்கு வருவேன் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த நேரம் தாண்டி எவ்வளவு காத்திருந்து போலீஸைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதல் முறைக்கு ஒரு திட்டம்

நவம்பர் அல்லது பிப்ரவரியில், பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நடுவில் வரும் வாரநாள் ஒன்றைப் பிடியுங்கள். மஸ்கட்டிலிருந்து காலையில் கிளம்பி குரையாத்தில் பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பி, மதியத்துக்குள் ஃபின்ஸ் போய்விடலாம். ஊரைத் தாண்டிக் கடலோரப் பாதையில் மெதுவாகப் போய், குறித்துவைத்த குடாக்களை ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். ஓர் இரவு தங்கி, மறுநாள் வாதி ஷாப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். அதில் கை பழகிய பிறகு அல் அஷ்கராவுக்குத் தெற்கே திறந்த மணல். கலூஃபும் ராஸ் மத்ரகாவும் அதற்கும் அப்புறம், இரண்டாவது வண்டியில் வர ஒரு நண்பர் கிடைத்த பிறகு. அங்கே போகும் நாளை ஜனவரி, பிப்ரவரியில் வைத்தால் பார் அல் ஹிக்மான் சேற்றுவெளியில் லட்சக்கணக்கில் இறங்கியிருக்கும் வலசைப் பறவைகளையும் பார்க்கலாம். பைனாகுலர் எடுத்துப் போங்கள், கரையிலிருந்து தள்ளியே நில்லுங்கள்.